தீர்ப்பில் அல்ல, பதிவேட்டில் மறைந்திருக்கும் அநீதி

கேள்வி: நிரல் எழுதத் தெரிந்த ஒரு பெண், வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ ஆகாமலேயே குற்றவியல் நீதித்துறையில் நியாயத்துக்காகப் பாடுபட முடியுமா? அமெரிக்காவில் அப்படி ஒருவர் இருப்பதாக அறிந்தேன். அவர் என்ன செய்கிறார்?
– வாசகி ஒருவர்

பதில்: முடியும். நீங்கள் குறிப்பிடுவது கிளமென்டைன் ஜேகோபியாக இருக்க வேண்டும். கூகுளில் பணியாற்றிய அவர், 2019இல் ரெசிடிவிஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்.

சிறைத்துறையின் தகவல் ஓரிடத்திலும் பரோல் அலுவலகத்தின் தகவல் வேறோரிடத்திலும் சிதறிக் கிடப்பதால், கண்காணிப்பிலிருந்து விடுபடும் தகுதியைப் பெற்றுவிட்ட ஒருவர், அதை எவரும் கவனிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அதிலேயே நீடிக்க நேர்கிறது. பரோல் என்றதும் சில நாள் விடுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் தண்டனையின் எஞ்சிய காலத்தைச் சிறைக்கு வெளியே நிபந்தனைகளோடு கழிப்பதே பரோல். அலுவலரைச் சந்திக்கத் தவறுவது போன்ற, குற்றமே ஆகாத நிபந்தனை மீறலுக்காகவும் ஒருவரை மீண்டும் சிறைக்கு அனுப்பலாம். மாநிலச் சிறைகளுக்கு அனுப்பப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், பரோலிலோ சிறைக்குப் பதிலாக விதிக்கப்படும் கண்காணிப்பிலோ நேர்ந்த இத்தகைய மீறலுக்காகவே செல்கிறார் என்று 2019இல் வெளியான ஆய்வொன்று கூறியது. ஆகவே, கண்காணிப்பு தேவையின்றி நீளும் ஒவ்வொரு நாளும் அதில் இருப்பவருக்கு ஆபத்தான நாளே. ரெசிடிவிஸின் மென்பொருள் சிதறிய பதிவுகளை இணைத்து, தகுதி பெற்றவர்களை அலுவலரின் பார்வைக்குக் கொண்டுவருகிறது. முடிவெடுப்பவர் மனிதரே. இந்த எல்லையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஏனெனில், தரவு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒருவர் மீண்டும் குற்றம் புரிவாரா என்று கணிக்கும் காம்பஸ் மென்பொருளை, ஃபுளோரிடாவின் புரோவார்ட் கவுன்டியில் கைதான ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2016இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மீண்டும் குற்றம் புரியாத கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காட்டினரை அது ஆபத்து மிகுந்தவர்களாகக் கணித்திருந்தது. வெள்ளையரில் இது 23.5 விழுக்காடு. மென்பொருள் தரும் ஒரே ஆபத்து மதிப்பெண் இரு இனத்தவருக்கும் ஒரே பொருளைத்தான் தருகிறது என்று கூறி, மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் இந்த முடிவை மறுத்தது. இரு இனத்தவரின் மறுகைது விகிதம் வேறுபடும்போது, தவறான கணிப்பு இருவருக்கும் சம அளவில் இருப்பது, மதிப்பெண்ணின் பொருள் இருவருக்கும் ஒன்றாக இருப்பது ஆகிய இவ்விரு வகை நியாயத்தையும் ஒருசேர நிறைவு செய்வது கணிதப்படியே இயலாது என்பது பின்னர் நிறுவப்பட்டது. எந்த நியாயம் வேண்டும் என்பதை நிரல் தீர்மானிக்க இயலாது. அதைச் சமூகம்தான் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்ய வேண்டும்.

இத்துறைக்கு வர நீங்கள் எண்ணினால், புள்ளியியலோடு, காவல் நிலையத்திலும் பரோல் அலுவலகத்திலும் படிவங்கள் எவ்வாறு நிரப்பப்படுகின்றன என்பதையும் அருகிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். கைது என்று அட்டவணையில் காணப்படும் வரி, ஒருவர் புரிந்த குற்றத்தின் பதிவு அன்று, காவலர் எடுத்த நடவடிக்கையின் பதிவு என்பது அங்கேதான் விளங்கும்.