அப்பாவின் காதும் கிட்டார் சோலோவும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாலு வருடமாக ராக் கிட்டார் வாசிக்கிறேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 180 தட்டில் வைத்தால் நொடிக்கு 12 நோட்டு சுத்தமாக விழும். நண்பர்கள் அசந்துபோகிறார்கள். போன வாரம் அப்பாவுக்கு ஒரு சோலோ, அதாவது கிட்டார் தனியே முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதி, வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா எதுவுமே மனசுல நிக்கலையே” என்றார். டெக்னிக் முக்கியமா, ஃபீல் முக்கியமா?

எஸ்., பெருந்துறை

அன்புள்ள எஸ்.,

அப்பா சொன்னது சரி. ஆனால் நீங்கள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபீல் என்கிறோமே, அதில் பெரும்பகுதி டெக்னிக்தான். அதுவும் வேகத்தைவிடக் கடினமானது.

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ (1979) பாட்டில் அதன் கிட்டார்காரர் டேவிட் கில்மரின் சோலோவைக் கேளுங்கள். அந்த வேகம் உங்கள் விரலுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் கம்பியைத் தள்ளி அவர் ஏற்றும் சுரம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் பிசகாமல் சேர்கிறது, சேர்ந்த பிறகு அங்கேயே நின்று அசைகிறது. அது ஒரே மூச்சில் பொங்கி வந்ததும் அல்ல. பல தடவை வாசித்துப் பதிந்து, நல்ல இடங்களைப் பொறுக்கிக் கோர்த்தார்.

காங்கேயம் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் நாயனக்காரர் தோடி ராகம் வாசிப்பார். காந்தார சுரத்தைப் பிடித்தால் விடமாட்டார். விரல் துளையை முழுக்க மூடாமல் ஓரத்தில் வழுக்கிக்கொண்டே இருக்கும், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டின் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். வேகமான சுர அடுக்கான பிருகா அப்புறம்தான் கொட்டும். அந்த வேகம் யாருக்கும் உறுத்தியதில்லை, அது ராகத்துக்குள்ளிருந்து வந்தது. வேன் ஹேலனின் அதிவேக கிட்டார் சோலோ ‘இரப்ஷன்’ (1978) எனக்குப் பிடிப்பதும் இதனால்தான்.

ஒன்று செய்யுங்கள். இரண்டாவது கம்பியில் 10ஆம் பிரெட்டை (கழுத்தில் உள்ள உலோகக் கட்டை) வாசித்து, அந்தச் சுரத்தை வாயால் பாடுங்கள். பிறகு 8ஆம் பிரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் முட்டுக் கொடுத்து, அதே சுரம் வரும்வரை கம்பியைத் தள்ளுங்கள். முதல் நாள் சுரம் கொஞ்சம் இறங்கியே நிற்கும். தினமும் கால் மணி நேரம், ஒரு மாதம் செய்யுங்கள். சோலோவையும் வாயால் பாடிப் பார்த்து, பாட வராத இடங்களை வெட்டிவிடுங்கள்.

அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். வாசித்து முடித்து அவர் எழுந்து போகும்போது எதையாவது முணுமுணுக்கிறாரா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.