சிகரெட், பீடித் துண்டால் வீட்டில் தீ: கேள்வி பதில்

கே: அப்பா படுத்தபடியே சிகரெட் பிடிக்கிறார். இலவம் பஞ்சு மெத்தை. கங்கு விழுந்தால் உடனே தெரியாதா?

ப: தெரியாது, அதுதான் ஆபத்து. இழுக்காமல் வைத்திருக்கும் சிகரெட்டின் முனையே 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பஞ்சில் விழுந்தால் சுடர் எழாது. மேலே நாணயம் அளவு கருகல். உள்ளே கனல் பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். அதற்குள் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு தூங்குபவரை எழ முடியாமல் செய்துவிடும்.

ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி படுக்கவே கூடாது. மேலே நனையும், அடிப்பஞ்சுக்கு இறங்காது. புகை லேசாக இருக்கும்போதே மெத்தையை வாசலுக்கு இழுத்து, சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். உறையை அங்கேதான் கிழிக்க வேண்டும். காற்றுப் பட்டதும் குப்பென்று பிடிக்கும். பஞ்சைக் கிளறிக் கிளறி வாளியால் ஊற்றுங்கள். அறை முழுக்கப் புகை என்றால் மெத்தையைத் தொடாதீர்கள். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, 101-ஐ அழையுங்கள்.

கே: பூந்தொட்டியில் குத்தி அணைக்கலாமா?

ப: கூடாது. மாடித்தோட்டத் தொட்டிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு கலந்திருக்கும். காய்ந்தால் அதுவும் கனன்று பிளாஸ்டிக் தொட்டியை உருக்கும். கனமான மண்சட்டியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு வையுங்கள். குப்பையில் கொட்டும் முன் துண்டுகளைத் தண்ணீரில் முக்குங்கள்.

கே: இழுக்காவிட்டால் பீடி தானாக அணைந்துவிடுமே?

ப: சிகரெட்டைவிடச் சீக்கிரம் அணையும். ஆனால் அணைவதற்குள் பஞ்சில் விழுந்தால்?

கே: பீடி தானாக அணைந்துவிடும் என்பதே சரி. எங்கள் வீட்டில் எல்லோரும் பீடிதான், ஒன்றும் ஆனதில்லை.

ப: அணைய அணைய மறுபடி பற்றவைக்கிறார்களே, ஒவ்வொரு முறையும் ஒரு தீக்குச்சி. அந்தக் குச்சி எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கே: வெளிநாட்டில் தானாக அணையும் சிகரெட்டே இருக்கிறதாமே?

ப: இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் அதுதான் விதி. காகிதத்தில் காற்றுப் புகாத பட்டைகள் இருக்கும். தீ அங்கே வந்ததும் திணறும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வழக்கம்போல எரியும். அதையும் தண்ணீரில் முக்கத்தான் வேண்டும்.

கே: தாத்தாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருக்கிறோம். நிறுத்திவிட்டுப் பிடிக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். நிறுத்திய பிறகும் சட்டை, போர்வை, தாடியில் ஆக்சிஜன் தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் முகத்தோடு பற்றும். அந்த அறையில் யாரும் புகைக்கக் கூடாது. ஊதுபத்தி, விளக்கும் கூடாது.

கே: சோபாவில் உட்கார்ந்து பிடித்தால்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். படுக்கப் போகுமுன் இருக்கை இடுக்குகளில் கைவிட்டுத் தேடுங்கள்.