பேருக்கு சக்கரவர்த்தி

அண்ணே வணக்கம். போன வாரம் ஃபுட்பால் பத்தி எழுதினதுல 'டிஃபெண்டர்னா செசார் மாதிரி நிக்கணும்'னு ஒரு வரி போட்டுட்டு அப்படியே வேற பக்கம் போயிட்டீங்க. யாருடா இந்த ஆளுன்னு தேடினேன். போஷ்ட்யான் செசார், ஸ்லோவேனியா. பாத்தா ஒரு டீம் வரிசையா 11 மேட்ச் தோத்திருக்கு, இன்னொரு டீம் கடைசி இடத்துல முடிச்சு கீழ இறங்கியிருக்கு. 2010 வேர்ல்டு கப்ல அமெரிக்காவோட டோனவன் இவங்களுக்கு எதிரா அடிச்ச கோல் வீடியோவும் பாத்தேன், தப்பு சாட்சாத் இவரேதான். இதுல பெரிய கரியர் எங்கண்ணே இருக்கு? அப்புறம், ஸ்லோவேனியாவுக்கு இப்ப ஆடுற டிஃபெண்டர் பியோல் இவரை மாதிரியா? டைம் இருந்தா சொல்லுங்க.
எஸ்.

தம்பி வணக்கம்.

வீடியோலருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நீங்க சொன்னது உண்மைதான். ஜோஹன்னஸ்பர்க், எல்லிஸ் பார்க், ஸ்லோவேனியா 2-0 லீடிங்ல இருக்கு. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு மூணே நிமிஷம், அமெரிக்காவோட ரைட் சைடுல ஒரு லாங் பால் வருது. செசார் அதை வெட்டிவிடலாம்னு காலை நீட்டிட்டு சறுக்குறாரு, பந்து மாட்டல, அவ்வளவுதான், டோனவனுக்கு முன்னாடி ஒருத்தரும் இல்ல. ஓரத்துலருந்து உள்ள ஓடி வர்றாரு, பாஸ் குடுக்க ஆள் இல்ல, கோல்கீப்பர் ஹண்டனோவிச்சோட தலையைப் பாத்தே ஓங்கி ஒரு அடி. ஹண்டனோவிச் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு, பந்து அவரு தலைக்கு மேல போய் கூரை வலையில சொருகுச்சு. 82-வது நிமிஷம் பிராட்லி ஒண்ணு போட்டு 2-2.

ஆனா வீடியோ அந்தக் கோலோட கட் ஆயிடும். டிஃபெண்டருங்க பொழப்பே இதுதான், 89 நிமிஷம் ஒழுங்கா நின்னதை யாரும் கட் பண்ணிப் போட மாட்டான், சறுக்கின ரெண்டு செகண்டு மட்டும் பதினஞ்சு வருஷம் கழிச்சும் ஓடிக்கிட்டே இருக்கும்.

அந்த வேர்ல்டு கப்புக்கு அவங்க எப்படி வந்தாங்கன்னு பாருங்க. இருபது லட்சம் பேர் இருக்கற நாடு. தகுதிச்சுற்று குரூப்ல செக், போலந்து, ஸ்லோவாக்கியா, வட அயர்லாந்து, சான் மரினோ. 10 மேட்ச்ல ஸ்லோவேனியா வாங்கின கோல் வெறும் 4. பின்வரிசை டிஃபெண்டருங்க நாலு பேர் கிட்டத்தட்ட மாறவே மாட்டாங்க, ப்ரெச்கோ, ஷூலர், செசார், யோகிச், பின்னாடி ஹண்டனோவிச். கோச் மாத்யாஷ் கெக். ப்ளே-ஆஃப்ல ரஷ்யா. மாஸ்கோல 2-0 பின்தங்கி 88-வது நிமிஷம் பெச்னிக் போட்ட ஒரே ஒரு கோலால உசுர் இருந்துச்சு, மாரிபோர்ல டெடிச் போட்டு 1-0, ரெண்டு மேட்ச் சேத்து 2-2, எதிராளி ஊர்ல போட்ட கோலுக்கு முன்னுரிமைங்கிற அவே கோல் கணக்குல உள்ள போயிட்டாங்க. அந்த ராத்திரி பிரதமர் போருட் பாஹோர் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தறேன்னு டிரெஸ்ஸிங் ரூமுக்கே போய் பிளேயர்ஸ் பூட்ஸுக்கு பாலிஷ் போட்டாரு. நம்ப முடியலைன்னா போட்டோ இருக்கு, தேடிப் பாருங்க.

அப்புறம் டோனவன் கதை இன்னும் முடியல. கடைசி குரூப் மேட்ச், போர்ட் எலிசபெத், இங்கிலாந்துகிட்ட டிஃபோ போட்ட கோல்ல 1-0 தோத்துக்கிட்டு இருக்காங்க. ஆனா அதே நேரம் பிரிட்டோரியால அமெரிக்கா-அல்ஜீரியா 0-0. அப்படியே முடிஞ்சா 4 பாயிண்டோட ஸ்லோவேனியா அடுத்த ரவுண்டு. அங்க இஞ்சுரி டைம், 91-வது நிமிஷம், அடிச்சது யாரு? அதே டோனவன். செசாருக்கு அந்த ஆளு கனவுல வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்ப கிளப் விஷயம். பெரிய கரியர் எங்கன்னு கேட்டீங்க, ஒண்ணுமே ஜெயிக்காதவர்னு நினைச்சா சரியில்ல, குரோஷியாவோட டினாமோ சாக்ரெப்ல இருந்தப்ப லீக் ஜெயிச்ச டீம்ல இருந்தாரு, 2007-08ல பிரான்ஸ் கிளப் மார்சேலருந்து லோன்ல, அதாவது தற்காலிகமா, போன இங்கிலாந்து டீம் வெஸ்ட் ப்ரோம் அங்க ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சு பிரிமியர் லீக் ஏறுச்சு. சரி, அதை விடுங்க. எனக்கு அவர் கரியர்ல பிடிச்சதே நீங்க குறையா சொன்ன பக்கம்தான். அவர் ஆடின கிளப்புகளோட கதியைப் பாருங்க. பொறந்த ஊரு லூப்லியானா, அங்க அவரை வளத்த பழைய ஒலிம்பியா 2005 வாக்குல திவாலாகி, வேற பேர்ல புதுசா ஆரம்பிக்க வேண்டியதாச்சு. 2008ல பிரான்ஸ்ல கிரெனோபிள் போனாரு, 2009-10 சீசன்ல நீங்க சொன்ன அந்த 11 தோல்வி, கீழ இறங்கி 2011ல கிளப்பே கலைஞ்சுது. அதுக்குள்ள இவரு 2010லயே இத்தாலில கியேவோ வந்துட்டாரு.

கியேவோ பத்தி தனியா ஒரு கதையே எழுதலாம். வெரோனா பக்கத்துல ஒரு சின்ன பேட்டை, அவ்வளவுதான். அதே ஊர்ல ஹெல்லாஸ் வெரோனாதான் பெரிய டீம், அவங்க ரசிகருங்க 'கழுதை பறக்கற அன்னைக்குதான் சீரி ஆ-ல நமக்குள்ள டெர்பி'ன்னு கிண்டல் பண்ணுவாங்களாம் (சீரி ஆ இத்தாலியோட டாப் லீக், டெர்பின்னா ஒரே ஊர் டீமுங்க மோதறது). 2001ல கியேவோ சீரி ஆ ஏறினதும் அந்தக் கழுதையையே செல்லப்பேரா வெச்சுக்கிட்டாங்க, பறக்கும் கழுதைகள். அங்கதான் செசார் 28 வயசுல போய் கிட்டத்தட்ட 37 வரைக்கும், ஒன்பது சீசன் இருந்தாரு. யூவென்டஸ், மிலான், நாப்போலின்னு வாரா வாரம் வர்ற ஃபார்வர்டுகளை அந்த பட்ஜெட்டுல தடுக்கணும். ஸ்பீடு அவருக்குக் குறைவுதான், அதனால ஓட்டப்பந்தயத்துக்கே போக மாட்டாரு, முன்னாடியே இடத்தைப் பிடிச்சு உடம்பால நிப்பாரு, தலையால அடிப்பாரு, முடியலைன்னா இழுத்துருவாரு. கார்டு வாங்கறதுல கஞ்சத்தனமே கிடையாது. இது பெருமையில்ல, சொல்றேன் அவ்வளவுதான், ஆனா அந்த மாதிரி டீம்ல ஒன்பது வருஷம் ஒருத்தனை வெச்சுக்கறாங்கன்னா சும்மா வெச்சுக்க மாட்டாங்க. நடுவுல யோகிச், பிர்சான்னு அவங்க நாட்டுக்காரங்களும் அங்க கூட ஆடியிருக்காங்க.

2018-19ல கணக்கு வழக்கு விவகாரத்துல பாயிண்ட் வேற வெட்டினாங்க, கியேவோ கடைசி இடம். செசாரும் அந்த சீசனோட பூட்ஸைக் கழட்டிட்டாரு. ரெண்டு வருஷத்துல, 2021ல, கியேவோவை லீக்லருந்தே தூக்கிட்டாங்க. ஆக வளத்த கிளப்பு போச்சு, நடுவுல ஆடினது போச்சு, கடைசியா ஆடினதும் போச்சு.

போகாதது நேஷனல் டீம் ஒண்ணுதான். 2003 பிப்ரவரில ஸ்விட்சர்லாந்தோட முதல் மேட்ச், 2018 மார்ச்ல பெலாரஸோட கடைசி மேட்ச். மொத்தம் 101 மேட்ச், 10 கோல். அந்த நாட்டுக்கு நூறைத் தாண்டின முதல் ஆளு. அவங்களோட பெரிய ஸ்டார் சஹோவிச்சே 80ல நின்னவரு. இந்த பதினஞ்சு வருஷத்துல எத்தனை கோச் வந்தாங்க போனாங்க, டீம் ஷீட்ல இவரு பேரு மட்டும் இருந்துச்சு. 2017 அக்டோபர்ல ஸ்காட்லாந்தோட 2-2, அந்த டிராவாலயே ஸ்காட்லாந்து வேர்ல்டு கப் கனவு முடிஞ்சுது, அதுலயும் இஞ்சுரி டைம்ல ரெட் கார்டு வாங்கிட்டுத்தான் வெளிய போனாரு. 35 வயசுலயும் திருந்தல மனுஷன்.

ஆமா, அவங்க மொழியில 'செசார்'னா சக்கரவர்த்தின்னு அர்த்தம். கழுதைங்க டீமுக்கு சக்கரவர்த்தி. கியேவோ ரசிகருங்க இதை வெச்சு என்னென்ன ஜோக் அடிச்சிருப்பாங்களோ.

பியோல் கேட்டீங்க. அவர் வேற ரகம் தம்பி, மிட்ஃபீல்டுலருந்து பின்னாடி வந்தவரு, காலுல பந்து இருந்தா பதறாம முன்னாடி கொண்டு போவாரு, செசாரா இருந்தா ஸ்டாண்டுக்கு அடிச்சிருப்பாரு. 2024 யூரோல பியோல் நடுவுல நின்னப்ப ஸ்லோவேனியா நாலு மேட்ச்லயும் ஆட்ட நேரத்துல தோக்கவே இல்ல, போர்ச்சுகல்கிட்ட பெனால்டிலதான் போச்சு. அந்த டோர்னமெண்ட் முழுக்க அவங்க போட்டது ரெண்டே கோல். டென்மார்க்கோட யான்ஷா, செர்பியாவோட கார்னிச்னிக். ஒருத்தர் லெஃப்ட் பேக், ஒருத்தர் ரைட் பேக். ஃபார்வர்டுங்க கணக்கை நீங்களே போட்டுக்குங்க.