வாசகர் கேள்விகள்: வேட்டை ரத்தம் உள்ள குட்டி

கேள்வி: காப்பகம் ஒன்றில் இரண்டரை மாத நாய்க்குட்டி பார்த்தோம். சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு என்கிறார்கள். துள்ளல் என்றால் அப்படி ஒரு துள்ளல்! கூட்டி வருமுன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் உயிர்க்கொல்லி நோய்களுக்கான கூட்டு ஊசியை 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒரு ஊசி போட்டுவிட்டு 'எல்லாம் ஆச்சு' என்றால் நம்பாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது; அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும். குடற்புழு மருந்து கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் போன வருஷம் ஏதாவது குட்டி ரத்தப் பேதியில் இறந்ததா? ரத்தப் பேதி தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். சிமென்ட் தரையை நன்றாகக் கழுவி, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசலாம். தோட்டத்து மண்ணுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அப்படிப்பட்ட வீடென்றால் ஊசிகள் முழுவதும் முடிந்த குட்டியையே எடுங்கள். காப்பகத்திலிருந்தே கிருமி தொற்றி வருவதும் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் குட்டி சோறு வேண்டாமென்று சுருண்டு படுத்தாலோ, வாந்தியும் பேதியும் கண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். குட்டியின் உடம்பு ஒரே ராத்திரியில் வற்றிவிடும்.

'கலப்பு' என்பது பெரும்பாலும் கண்மதிப்புதான். ஆனாலும் வேட்டை ரத்தம் இருக்கிறது என்றே வைத்து ஏற்பாடு செய்யுங்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். அணில் ஓடியதும் கால் கிளம்பிவிடும், நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. மொட்டைமாடியின் மூன்றடிக் கைப்பிடிச்சுவர் வளர்ந்த நாய்க்கு ஒரே தாவல். புறாவைப் பார்த்துத் தாவினால் போய் விழுவது தெருவில். ஆறடிக்கு வலை கட்டும்வரை மாடிக்குத் தனியாக விடவே கூடாது.

கழுத்துப்பட்டையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த வகை நாய்க்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். பட்டாசுச் சத்தம் கேட்டதும் காதை ஒட்டிக்கொண்டு இரண்டடி பின்வாங்கும். பட்டை வழுக்கிக்கொண்டு உங்கள் கையோடு வந்துவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையோடு மார்பு வாரும் சேர்த்துப் போடுங்கள். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுவதாக எண்ணம் இருந்தால், தயவுசெய்து இந்தக் குட்டியை எடுக்காதீர்கள். ஓடப் பிறந்த உடம்பு அது.

கேள்வி: நாய்க்குட்டியைத் தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது. பிள்ளைகளின் கணுக்காலைக் கடிக்கிறது. கத்தினால் இன்னும் கடிக்கிறது!
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் அதற்கு அது வேட்டை விளையாட்டு. பல் பட்டதும் கையைக் கட்டி, அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பழைய ஜீன்ஸ் துணியை முடிச்சுப் போட்டு அதன் வாயில் கொடுங்கள். துணியைக் கடித்தால் விளையாட்டு தொடரும், தோலைக் கடித்தால் நின்றுவிடும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் அதற்குப் புரியும்.

துரத்தும் ஆசைக்கும் வடிகால் வேண்டுமே. மூன்றடி மூங்கில் குச்சியின் நுனியில் நான்கடிக் கயிறு, அதன் முனையில் துணி. தரையோடு தரையாக இழுங்கள்; துள்ளிக் குதிக்க வைத்தால் வளரும் மூட்டு கெடும். ஐந்து நிமிஷம் போதும், இரண்டு மூன்று தடவையாவது பிடிக்க விடுங்கள். பிடித்ததும் 'விடு' என்று சொல்லி, ஒரு துண்டு கோழிக்கறியை நீட்டுங்கள். நாளைக்குத் தெருவில் எதையாவது கவ்வினால் அந்தச் சொல்தான் உதவும்.

சாயங்காலம் கடி கூடுகிறதென்றால் அது தூக்கக் குறைவு. இந்த வயதில் நாளுக்குப் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். நாலு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும். அப்போது ஈரத்துணியை ஃப்ரீசரில் உறைய வைத்துக் கடிக்கக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டல்ல. பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குட்டிக் கடியாலும் ரேபிஸ் வரும்.

கேள்வி: குட்டிக்குப் பால்சோறும் தயிர்சோறும்தான் கொடுக்கிறோம். முன்னங்கால் வளைகிறது.
– வாசகி, கரூர்

பதில்: தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சோறு வயிற்றை நிறைக்கும், எலும்புக்குப் போதாது. வெறும் கறி கொடுப்பதும் தப்பு: அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். குட்டிகளுக்கான உணவை நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கால்சியம் மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள், அது கூடினாலும் எலும்பு கெடும். வழுக்கும் டைல்ஸ் மேல் சாக்கு விரியுங்கள்.

கேள்வி: வெள்ளை நிற ராஜபாளையக் கலப்பு. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா?
– வாசகர், சிவகாசி

பதில்: காது கேட்காமல் இருக்கலாம். அந்த வெள்ளை வம்சத்தில் பிறவிச் செவிடு உண்டு. எதிரே நின்று கைதட்டிச் சோதிக்காதீர்கள், கை அசைவைக் கண்டே திரும்பும். அது தூங்கும்போது பக்கத்து அறையிலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். சில தடவை பார்த்தும் காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, கைச்சாடையால் பழக்கலாம், நன்றாகவே கற்கும். வெளியே வாரில்லாமல் விடாதீர்கள். எழுப்பும்போது சட்டென்று தொட்டால் பதறிக் கடிக்கும். மூக்கருகே கையை நீட்டி வையுங்கள், வாசனை பிடித்துக் கண் திறக்கும்.