நின்ற வண்டி ஏன் சாய்கிறது? வாசகர் கேள்வி – பதில்

வேகமாகப் போய் விழுந்தவர்கள் அல்ல, நிறுத்தும்போதும் நிறுத்திய பிறகும் வண்டியைச் சாய்த்தவர்கள்தான் இந்த முறை அதிகம் எழுதியிருக்கிறார்கள். எங்கள் இருசக்கர வாகனப் பட்டறைக் குழுவின் பதில்கள் இதோ.

ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே பஸ் வந்துவிட்டது. பிரேக் பிடித்து நிறுத்தினேன். நின்ற நொடியில் இடது பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டது. கால் ஊன்றியும் தாங்க முடியவில்லை. வண்டி 350 சிசி. எனக்கு உயரம் போதவில்லையா?
– வாசகர், அஸ்தம்பட்டி

உயரத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறீர்கள். அதோடு, கால் ஊன்றிய பக்கம் தரை தாழ்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஆறடி ஆள் ஓட்டினாலும் வண்டி படுத்துவிடும்.

வளைவில் வண்டி சாய்ந்துதான் போகும். அந்தச் சாய்வைத் தாங்குவது அதன் ஓட்டம். ஓட்டம் நின்றால் தாங்க ஒன்றுமில்லை. நடை வேகத்தில், ஹேண்டில் இடப்பக்கம் முழுக்கத் திரும்பியிருக்கையில் முன் டிஸ்க் பிரேக்கைப் பிடித்தால் போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அமுங்கி, வண்டியின் எடை வளைவின் உள்பக்கமாகவே இறங்கும். மேலே ஏறும்போது இடப்பக்கக் கொண்டை ஊசியின் உள்ஓரம்தான் பாதையிலேயே செங்குத்தான இடம். சீட்டின் உயரம் சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கும் வண்டியில், சமதளத்தில் எட்டுகிற கால் அங்கே நாலு விரல் அளவு எட்டாமல் போகும். அந்த நாலு விரலைத் தேடிக் கால் இறங்குவதற்குள் வண்டி மீட்க முடியாத அளவுக்குச் சாய்ந்திருக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் வகை வண்டி ஏறத்தாழ 195 கிலோ. எடையின் மையம் ஹேண்டில் உயரத்தில் பாதியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 டிகிரி சாய்ந்த வண்டியை ஹேண்டிலைப் பிடித்து நிறுத்த 9 கிலோ அளவு இழுத்தால் போதும். 10 டிகிரியில் அது 17 கிலோ. 20 டிகிரியில் 33. 30 டிகிரியில் கிட்டத்தட்ட 50 கிலோ. முதல் 10 டிகிரிக்குள் பிடித்தால் பிடித்ததுதான். அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். ஹேண்டிலை விட்டு, விழும் பக்கத்துக் காலை விலக்கி, ஓரடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். லீவர் ஒடிந்தால் வேறு வாங்கலாம். வண்டியை மீட்கப் போய் முட்டி ஜவ்வு கிழிந்தால் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். இதை நாங்கள் மன்றாடிச் சொல்கிறோம்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது கியரில் திணறி, வளைவின் நடுவில் இன்ஜின் அணைந்து விழுபவர்களும் பலர். நடை வேகத்துக்கு இறங்கியதும் முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். ஹாஃப் கிளட்ச் (பாதி விட்ட கிளட்ச்), கொஞ்சம் ஆக்சிலரேட்டர், வலது காலில் லேசாகப் பின் பிரேக், இந்த மூன்றும் சேர்ந்தால் வண்டி சாயாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஹேண்டிலை நேராக்கிய பிறகுதான் கடைசி அரையடியில் நிறுத்த வேண்டும். நின்ற பிறகு முன் பிரேக்கையும் பிடித்துக்கொள்ளலாம், ஆபத்தில்லை.

குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் பஸ்ஸுக்குக் கொண்டை ஊசியில் திரும்ப முழு அகலமும் வேண்டும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு 10, 15 மீட்டர் முன்பே, நேரான இடத்தில், ஓரமாக நின்றுவிடுங்கள். விதி நம் பக்கம் என்பதற்காக வளைவுக்குள் போய் நிற்க வேண்டாம்.

ஏற்காட்டில் சாலையோரச் சரிவில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி விழுந்து கிடக்கிறது. யாரும் தொடவில்லை என்கிறார் கடைக்காரர். இது எப்படி?
– வாசகர், கன்னங்குறிச்சி

கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்தியிருப்பீர்கள். சைடு ஸ்டாண்டு முன்பக்கமாகத் தள்ளி விரியும், பின்பக்கமாக மடங்கும். வண்டி ஓரிரு அங்குலம் முன்னால் உருண்டாலே ஸ்டாண்டின் பாதம் தரையில் நிற்க, மேல்பகுதி முன்னால் போய் மடங்கிவிடும். முன் சக்கரம் மேட்டைப் பார்த்து இருந்தால், வண்டி பின்னால் உருள முயன்றாலும் ஸ்டாண்டு இன்னும் இறுகித்தான் நிற்கும். சென்டர் ஸ்டாண்டுக்கும் இதே கதைதான்.

எனவே மூக்கு மேட்டுப் பக்கம், கியர் முதலில், ஹேண்டில் இடப்பக்கம் திருப்பிப் பூட்டு. நியூட்ரலில் விட்டுப் போவதுதான் பெரிய தவறு. ஹேண்டில் இடப்பக்கம் திரும்பியிருந்தால் சைடு ஸ்டாண்டோடு சேர்ந்து முக்காலி போல நிற்கும். வலப்பக்கம் திருப்பினால் அந்தப் பிடிப்பு குறையும்.

குறுக்குச் சரிவையும் பாருங்கள். ஸ்டாண்டு இருக்கும் இடப்பக்கம் மேடாக இருந்தால் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும். காற்றடித்தாலே வலப்பக்கம் போய்விடும். இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் அளவுக்கு மீறிச் சாய்ந்து, பாரம் முழுதும் ஸ்டாண்டின் மேல். இரண்டுமே கூடாது.

மழைக்கால மலையில் செம்மண் ஊறியிருக்கும். நிறுத்தும்போது கெட்டியாகத் தெரிந்தது பத்து நிமிடத்தில் ஸ்டாண்டை உள்ளே வாங்கிவிடும். சேலம் நகரத்தில் ஏப்ரல், மே மதியத்தில் தார் இளகுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. 10 சென்டிமீட்டர் சதுரத்தில், ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, மூலையில் துளையிட்டு, முக்கால் மீட்டர் நைலான் கயிறு கட்டுங்கள். ஸ்டாண்டின் பாதத்துக்குக் கீழே அதைப் போட்டு, கயிற்றின் நுனியை ஹேண்டிலில் மாட்டிவிட்டால், கிளம்பும்போது குனியாமல் இழுத்துக்கொள்ளலாம், மறந்தும் போகாது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைத்தான் பலரும் அப்படியே ரோட்டில் விட்டுப் போகிறார்கள். அடுத்த வளைவில் வருகிறவரின் முன் சக்கரம் அதன் மேல்தான் ஏறும். தயவுசெய்து எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்று: பின்னால் பை, மூட்டை கட்டியபின் சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி தாழும். ஸ்டாண்டின் நீளம் அதேதான். அதனால் வண்டி முன்பைவிட நிமிர்ந்து நின்று, வலப்பக்கம் விழத் தயாராக இருக்கும். பாரம் ஏற்றும் வேலையைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் செய்யுங்கள்.

என் எடை 52 கிலோ. விழுந்த வண்டியைத் தனியாக என்னால் தூக்கவே முடியவில்லை. வழி உண்டா?
– வாசகி, கோரிமேடு

உண்டு. ஆனால் தூக்கக் கூடாது. முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும்.

முதலில் கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இருக்கும், இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்), சாவி இரண்டையும் அணையுங்கள். கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் காக்கையும் மூடுங்கள். பெட்ரோல் சொட்டுகிறதா, பக்கத்தில் யாராவது பீடி, சிகரெட் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் இப்போதே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் இடப்பக்கம் போய் விழும். வண்டி கியரில் இல்லையென்றால் முதல் கியரில் போடுங்கள், உருளாது.

ஹேண்டிலை விழுந்த பக்கமாகவே முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, குந்தி, இடுப்புக்குக் கீழ்ப்பகுதியைச் சீட்டின் ஓரத்தில் அழுத்திப் பதியுங்கள். ஒரு கை தரையோடு கிடக்கும் ஹேண்டில் கிரிப்பில், இன்னொரு கை பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் அல்லது சட்டத்தில். இண்டிகேட்டரையும் சைலன்சரையும் பிடிக்கக் கூடாது. முதுகு நேராக, பார்வை முன்னால். இனி கைகள் இரண்டும் பிடிமானம் மட்டுமே. கால்களால் தரையை உதைத்து, பாதம் பாதமாக, அரையடி அரையடியாகப் பின்னால் நடங்கள். வண்டி எழுந்துவரும். முதல் 30 டிகிரிதான் கடினம், பிறகு லேசாகிவிடும். கடைசியில் அவசரப்பட்டால் மறுபக்கம் போய்விடும்.

வண்டியின் சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் சீட்டு பள்ளத்துப் பக்கமுமாகக் கிடந்தால் இந்த முறையும் பலிக்காது. லெக் கார்டை (காலைக் காக்கும் முன்பக்கக் கம்பியை) ஊன்றுகோலாக வைத்து, முன் சக்கரத்தைப் பிடித்து இழுத்து, வண்டியைத் தரையிலேயே சுற்றுங்கள். சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வந்த பிறகு தூக்குங்கள். இரண்டு முறை முயன்றும் எழவில்லையென்றால் உதவிக்குக் காத்திருங்கள்.

நிமிர்த்திய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் ஆனது, வெள்ளைப் புகை வேறு. இன்ஜின் போய்விட்டதா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

போகவில்லை. படுத்திருந்தபோது இன்ஜின் ஆயில், பிரீதர் குழாய் (இன்ஜின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் ஏறியிருக்கும், அதுதான் புகை. ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். நிமிர்த்தியதும் ஐந்து நிமிடம் சமமாக நிறுத்தி வைத்து, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது. புகை தொடர்ந்தால் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறது, மாற்றுங்கள்.

ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், வண்டி சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் இருக்கிறது. சாவியை ஒருமுறை முழுக்க அணைத்துப் போட்டால்தான் விடும். இது தெரியாமல் செல்ஃப் மோட்டாரை அழுத்தி பேட்டரியைத் தீர்த்தவர்கள் உண்டு. கார்புரேட்டர் வண்டியானால் அதில் பெட்ரோல் வழிந்து நிரம்பியிருக்கும். சோக் வேண்டாம், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து ஐந்தாறு கிக். பதற்றத்தில் அணைத்த கில் சுவிட்சையும் ஒருமுறை பாருங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கட்டாயம் ஒன்றைச் சோதிக்க வேண்டும், இதைத் தவிர்க்கவே கூடாது. வலப்பக்கம் விழுந்த வண்டியில் கிரிப் நுனி அடிபட்டு உள்ளே தள்ளப்பட்டு, சுவிட்ச் பெட்டியோடு உரசும். முறுக்கி விட்டால் ஆக்சிலரேட்டர் திரும்பி வராது. ஸ்டார்ட் ஆன உடனே வண்டி பாயும். அணைத்த நிலையிலேயே முழுக்க முறுக்கி விடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு தானே திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பி அங்கேயும் பாருங்கள். வரவில்லையென்றால் கிரிப்பை இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பிறகு முன் பிரேக், பின் பிரேக் பெடல், சக்கரத்தோடு ஹேண்டில் நேராக இருக்கிறதா என்பது. ஹேண்டில் கோணலாகத் தெரிந்தால் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் போர்க் அதன் பிடியில் லேசாகத் திரும்பியிருக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் போதும்.

வளைந்த கிளட்ச் லீவரையும் கியர் லீவரையும் நிமிர்த்திக்கொள்ளலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

கிளட்ச், பிரேக் லீவர்கள் அலுமினிய வார்ப்பு. நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விட்டு, பிறகு பிடிக்கும்போது ஒடியும். வளைந்தபடியே வீடு வந்து புதிது மாட்டுங்கள். மாட்டும்போது பிடி போல்ட்டை வெறி கொண்டு இறுக்க வேண்டாம். ஓட்டும்போது நகராமல், ஓங்கித் தட்டினால் சுழலும் அளவு போதும். அடுத்த முறை விழுந்தால் ஒடியாமல் திரும்பிக்கொள்ளும்.

கியர் லீவர் இரும்பு, நிமிர்த்தலாம். ஆனால் ஷாஃப்டில் (லீவர் மாட்டியிருக்கும் தண்டில்) இருக்கும்போதே பைப் போட்டு வளைக்கக் கூடாது. ஷாஃப்ட் வளைந்தால் ஆயில் சீல் ஒழுகும். ஒரு போல்ட்தான், கழற்றி வைஸில் பிடித்து நிமிர்த்துங்கள்.

டேங்க் நசுங்கிவிட்டது. இன்ஷூரன்ஸில் கேட்கலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

தர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கிடைக்காது. முழு பாலிசி இருந்தால் கேட்கலாம். ஆனால் ஒரு முறை கேட்டால் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். அது முதல் ஆண்டில் 20 சதவீதம், போகப் போக 50 வரை உயரும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதித் தொகையையும் கழிப்பார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்து, செலவு அதைவிட அதிகமானால் மட்டும் கேளுங்கள்.

அம்மா சேலையில் ஒரு பக்கமாக ஏறும்போது இரண்டு முறை வண்டியைச் சாய்த்துவிட்டேன்.
– வாசகர், குகை

அம்மா ஏறுவது இடப்பக்கம். அவர் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்ததும் முழு எடையும் அந்தப் பக்கம் இழுக்கும். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஏற்ற வேண்டாம், ஸ்டாண்டின் பிவட் போல்ட் தளர்வது இதனால்தான். நீங்கள் முதலில் அமர்ந்து, ஸ்டாண்டை மடித்து, இரண்டு காலையும் அகலமாக ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, வண்டியை ஒரு நூல் வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு “இப்ப ஏறும்மா” என்று சொல்லுங்கள். அவர் உங்கள் தோளைப் பிடித்து, சீட்டில் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை ஃபுட்ரெஸ்டில் வைக்க வேண்டும். இறங்கும்போதும் நீங்கள் சொன்ன பிறகுதான்.

வண்டி வலப்பக்கம் விழுந்து சைலன்சர் காலில் பட்டுவிட்டால் பேனா மை, டூத் பேஸ்ட் எதுவும் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போங்கள்.