திங்கள் மாலையும் உபவாச ஞாயிறும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் படிக்கிறாள். பக்கத்து வீட்டு மார்மன் குடும்பத்தார் திங்கட்கிழமை மாலைகளில் தங்கள் வீட்டுக் கூடுகைக்கு அவளை அழைக்கிறார்கள். அது என்ன வழிபாடு? அவள் போகலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்களைத்தான் நாம் மார்மன்கள் என்று சொல்கிறோம். அந்த முழுப் பெயராலேயே தங்களைக் குறிப்பிடும்படி 2018 முதல் சபைத் தலைமை வலியுறுத்தி வருவதால், உங்கள் மகளும் அப்படிச் சொன்னால் அவர்கள் மகிழ்வார்கள். வாரத்தில் ஒரு மாலையைப் பெற்றோர் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி, வீட்டில் ஜெபமும் வேதபாடமும் நடத்த வேண்டும் என்று 1915-இல் சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தின் தலைமைக் குழு குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. 1970-இல் அந்த மாலை திங்கட்கிழமை என்று எல்லோருக்கும் பொதுவாக உறுதியானது. அன்று மாலை சபைக் கட்டடங்களில் கூட்டம் எதுவும் வைக்கக் கூடாது என்பது வழக்கமாயிற்று. மக்களைத் தன்னிடம் வரவழைப்பதையே சமய அமைப்புகள் பெரும்பாலும் நாடும்போது, வாரத்தில் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ‘வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லும் ஒரு சபை என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது.

பல வீடுகளில் இதற்கென்று சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருப்பார்கள். அதில் ஜெபம், பாட்டு, பாடம், விளையாட்டு, பலகாரம் என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொக்கி இருக்கும். வீட்டார் பெயர் பொறித்த சில்லுகள் வாரந்தோறும் கொக்கி மாறும். ஆகவே ஒரு வாரம் அப்பா பாடம் சொல்வார், அடுத்த வாரம் பத்து வயதுப் பிள்ளை சொல்லும். ஐந்து நிமிடமானாலும் அந்தப் பாடத்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். உங்கள் மகள் நம் ஊர் முறுக்கோ அதிரசமோ கொண்டுபோகலாம்; காபியும் தேநீரும் வேண்டாம். மது, புகையிலையோடு அவற்றையும் விலக்கச் சொல்லும் ‘ஞான வார்த்தை’ என்ற நெறி 1833 முதல் அவர்களிடம் உண்டு. சபையின் நம்பிக்கையைப் பரப்பும் ஊழியக்காரர்களைச் சந்திக்க விருப்பமா என்று எப்போதாவது கேட்பார்கள். விருப்பமில்லையென்றால் நேராகச் சொல்லிவிடலாம்.

கேள்வி: பைபிளை விட்டுவிட்டு வேறொரு நூலை வேதமாகக் கொண்டவர்கள் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: விட்டுவிடவில்லை. பைபிளோடு மார்மன் புஸ்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து ஆகிய மூன்றையும் சேர்த்து வேதமாகக் கொள்கிறார்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் புஸ்தகம் 1830-இல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா ஊரில் 5,000 படிகள் அச்சாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி சபையும் தொடங்கியது. மற்றக் கிறிஸ்தவ சபைகள் இந்நூலை வேதமாக ஏற்பதில்லை. அந்த வழக்கை இந்தப் பகுதியில் தீர்க்க முடியாது. அவர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

2019 ஜனவரியிலிருந்து, ஞாயிறு ஆராதனையும் வகுப்புகளும் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டன. குறைத்த நேரம் வீட்டில் வேதம் படிப்பதற்கானது. ‘என்னைப் பின்பற்றி வாருங்கள்’ என்ற பாடத்திட்டத்தின்படி, நான்கு ஆண்டுச் சுழற்சியில் எல்லா வேதநூல்களையும் உலகெங்கும் உள்ள சபையார் ஒரே வாரத்தில் ஒரே பகுதி என்ற கணக்கில் படித்துவருகிறார்கள்.

மார்மன் புஸ்தகத்தில் ஏனோஸ் என்ற சிறு நூல் ஒன்று உண்டு. ஒரே அதிகாரம், 27 வசனங்கள். ஏனோஸ் காட்டுக்கு வேட்டையாடப் போகிறான். நித்திய ஜீவனைப் பற்றித் தன் தகப்பன் அடிக்கடி சொல்லக் கேட்ட வார்த்தைகள் அங்கே அவன் நெஞ்சில் ஆழப் பதிகின்றன. ஆத்துமாவில் பசி எடுத்தவனாய் முழங்காற்படியிட்டு, பகல் முழுவதும் ஜெபித்து, இரவு வந்த பின்னும் குரலை உயர்த்தி மன்றாடுகிறான். முதலில் தன் பாவங்களுக்காக வேண்டுகிறான். மன்னிப்புக் கிடைத்ததும் தன் சொந்த ஜனமாகிய நேபியர்களுக்காக வேண்டுகிறான். அதன் பிறகு, தன் ஜனத்தை அழிக்கத் துடிக்கும் லாமானியர்களுக்காகவும் வேண்டுகிறான். தகப்பன் வீட்டில் சொன்ன சொல், பல ஆண்டுகள் கழித்துத் தனிமையில் வேலைசெய்து, பகைவன்மேல் அக்கறையாக முடிகிறது. இந்தச் சபையாரின் வாழ்வில் குடும்பமும் வேதமும் சேவையும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு, விளக்க நூல்களைவிட இந்த ஓர் அதிகாரத்தைப் படிக்கச் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் போதகர்கள் இல்லையாமே? பிறகு சபை எப்படி நடக்கிறது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உலகளாவிய தலைமைப் பொறுப்பில் முழுநேரம் இருப்பவர்களுக்கு வாழ்க்கைச் செலவுத் தொகை உண்டு. ‘வார்டு’ எனப்படும் உள்ளூர்ச் சபையிலோ ஒருவருக்கும் ஊதியம் இல்லை. பிஷப்பாக இருப்பவர் பகலில் பல் மருத்துவராகவோ குழாய் வேலை செய்பவராகவோ இருப்பார். மாலையிலும் ஞாயிறன்றும் சபையாரின் கஷ்டநஷ்டங்களைக் கேட்பார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துப் பொறுப்பு இன்னொருவருக்குப் போக, இவர் சிறுவர் வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் விண்ணப்பிப்பதில்லை, அழைப்பு வரும், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். உடல்நிலை இடம்தருகிறவர்கள் இரண்டு வேளை உணவை விட்டு, அதற்காகும் பணத்தையோ அதற்கு மேலுமோ உபவாசக் காணிக்கையாகத் தருகிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் வேறு. உபவாசக் காணிக்கை ஏழைகளுக்கானது. வாடகை கட்ட முடியாத குடும்பம், வேலை இழந்தவர், கணவரைப் பறிகொடுத்தவர் ஆகியோருக்கு இதிலிருந்து உதவும் பொறுப்பு பிஷப்புடையது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1936-இல், இந்த உதவியை ஒழுங்குபடுத்தும் நலத்திட்டம் உருவானது. ‘பிஷப்பின் பண்டகசாலை’ என்பது அதன் ஓர் உறுப்பு. பார்வைக்கு மளிகைக் கடை போலவே அடுக்குகளில் மாவும் பீன்ஸும் பாலும் இருக்கும். காசு வாங்கும் கல்லாப்பெட்டிதான் இருக்காது. பிஷப் ஒப்புதல் தந்த பட்டியலோடு வந்து தேவையானதை எடுத்துப்போகலாம். பெறுகிறவர் தம்மால் இயன்ற வேலையைச் செய்துதரும்படி கேட்கப்படுவார். வாங்குகிறவர் தலைகுனியாமல் வாங்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஏற்பாடு முழுவதிலும் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

பெண்களின் பங்கு இதைவிடப் பழையது. இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் 1842 மார்ச் 17-ஆம் தேதி ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா ஸ்மித்தைத் தலைவியாகக் கொண்டு ‘ஒத்தாசைச் சங்கம்’ தொடங்கியது. இன்றும் ஒரு வீட்டில் பிரசவமோ சாவோ நேர்ந்தால், யார் எந்த நாளில் சமைத்துக் கொண்டுபோவது என்று முறைவைத்துக்கொள்வது பெரும்பாலும் சங்கத்துப் பெண்கள்தாம். மார்மன் புஸ்தகத்தில் பென்யமீன் ராஜா, குடிகள்மேல் வரிச்சுமை விழாதபடி தன் கைகளாலேயே உழைத்ததாகச் சொல்லி, சக மனிதருக்குச் செய்யும் சேவை தேவனுக்கே செய்யும் சேவை என்று போதிக்கிறார். சபையார் பலருக்கு மனப்பாடமான வசனம் அது.

கேள்வி: பல பெண்களை மணப்பவர்கள் அல்லவா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: 19-ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் இருந்தது. 1890-இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அதை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். இப்போது அப்படி மணப்பவர் இந்தச் சபையில் நீடிக்க முடியாது. இன்றும் அவ்வாறு வாழும் சிறு குழுக்கள் இதிலிருந்து பிரிந்தவை.

கேள்வி: எல்லாமே குடும்பத்தைச் சுற்றி என்றால், திருமணமாகாதவர்களும் மணமுறிவு பெற்றவர்களும் அங்கே எங்கே நிற்பார்கள்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அந்தச் சபைக்குள்ளேயே வருத்தத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆலயத்தில் சடங்கு மூலம் ‘முத்திரிக்கப்பட்ட’, அதாவது என்றென்றைக்குமாக இணைக்கப்பட்ட, கணவன், மனைவி, பிள்ளைகளின் உறவு மரணத்துக்குப் பின்னும் தொடரும் என்பது அவர்கள் நம்பிக்கையின் நடுநாயகம். அந்த வாக்குறுதியின் இனிமையே, தனித்திருப்பவருக்கு ஞாயிறுதோறும் ஒரு வலியாகவும் ஆகக்கூடும். வயதுவந்த சபையாரில் பாதிக்கு மேற்பட்டோர் துணையை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், அல்லது இன்னும் மணமாகாதவர்கள் என்று சபையின் உயர் தலைமையிலுள்ள பன்னிரு அப்போஸ்தலர்களுள் ஒருவரான கெரிட் டபிள்யூ. காங் 2021 ஏப்ரலில் நடந்த சபையின் பொது மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார். இளையோருக்கென்று தனி வார்டுகள் உண்டு. ஒரே வீட்டில் தங்கிப் படிப்பவர்கள் சேர்ந்து திங்கள் மாலையை நடத்துவதும் உண்டு. ஒவ்வொரு வீட்டாரையும் விசாரித்துவர இருவர் நியமிக்கப்படும் ஏற்பாடு, தனியாக வாழ்பவர்களையும் விடுவதில்லை. அது சரியாக நடக்கும் வார்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மறுநாளே கதவு தட்டப்படும். பெயருக்கு நடக்கும் வார்டில் மாதத்துக்கு ஒரு குறுஞ்செய்தியோடு முடிந்துவிடும். ஆகவே உங்கள் கேள்விக்கான பதில் ஒவ்வொரு வார்டிலும் அந்த இருவரின் கையில் இருக்கிறது.