வண்டலூருக்கு செவ்வாய் வேண்டாம்

உங்க தெருப் பெண் பிள்ளைங்க குழுவுல 8லிருந்து 12 வயசு வரைக்கும் 15 பேர், வர்ற செவ்வாய் ஸ்கூல் லீவு, வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. போகாதீங்க மேடம். செவ்வாய் அங்க வார விடுமுறை. கிண்டிப் பூங்காவும் அன்னிக்கு மூடல். போன வருஷம் நான் பத்துப் பிள்ளைங்களோட வண்டலூர் கேட் வரைக்கும் போய் திரும்பினவ. புளியோதரையை ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து தின்னோம்.

அன்னிக்கே போகணும்னா எழும்பூர் மியூசியம். 1851ல ஆரம்பிச்சது, வெள்ளிதான் லீவு. வெண்கலச் சிலை அறையில நடராஜர் முன்னாடி ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்க. எங்க கூட்டத்துல வாயாடிப் பொண்ணு ஒருத்தி முக்கால் மணி நேரம் சத்தமே போடலை, தூக்கின கால்ல மட்டும் நாலு தடவை ரப்பர் போட்டா.

மின்சார ரயில்லயே போயிடலாம். அஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க இருக்கட்டும். பெற்றோர் நம்பரை ஒவ்வொருத்தி பையிலயும் எழுதி வைங்க. செல்லை நம்பாதீங்க, சார்ஜ் போயிடும். பாத்ரூமுக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான்.

மார்ச், ஏப்ரல்னா பெசன்ட் நகர்ல ஆமைக்குஞ்சு கடலுக்கு விடுறதைக் காட்டுங்க. நள்ளிரவுல கடற்கரையில ஆமை முட்டை தேடி நடக்கிற 'ஆமை நடை' இந்த வயசுக்குத் தாங்காது.